வெள்ளிக்கிழமைச் சைவம்

இன்றைக்குப் பின்னேரம் எங்கள் கட்டடத்து எலிவேற்றரில் ஏறினால் உள்ளே மீன் பொரித்த மணம். யாரோ சற்று முன்னர் சுடச்சுட ஒரு பார்சலைக் கொண்டு போயிருக்க வேண்டும். “வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்...” என்று என் வாய் தானாகவே தொடங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற பிலிப்பினோப் பெண் திரும்பிப் பார்த்தார். பாவம், அவருடைய வீட்டுச் சமையலாகவும் இருக்கலாம். வசனத்தை முடிக்காமல் வாயை மூடிக்கொண்டேன். அது என்னுடைய வசனமே இல்லை, உம்முடையது.

என் மாடி வந்து கதவு திறந்தும் நான் இறங்கவில்லை. எலிவேற்றர் என்னை மறுபடி கீழே கொண்டுபோய் விட்டது. லொபியில் நின்று அழுதேன். ஓம், வெட்கத்தை விட்டுத்தான் அழுதேன். தபால் பெட்டி திறக்க வந்த ஒரு பெடியன், “அன்ரி, ஏதும் பிரச்சினையோ?” என்று கேட்டான். “மீன் மணக்குது தம்பி” என்றேன். என்ன நினைத்தானோ, கடிதங்களைக்கூட எடுக்காமல் விறுவிறென்று போய்விட்டான். நீர் இருந்திருந்தால் இதைச் சொல்லி ஒரு கிழமை சிரித்திருப்பீர். சொல்ல ஆளில்லை என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் பழகத் தொடங்கியது கனடாவுக்கு வந்த புதிதில், பார்க்டேலில். ஒரு அப்பாட்மென்ற், இரண்டு குடும்பம், ஒரே குசினி. நீரும் நானும் ஒரே தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினோம். வேலைத்தலத்தில் ஒட்டிக்கொண்ட அந்த ‘நீர்’ கடைசிவரை எங்கள் வாயை விட்டுப் போகவில்லை. ஒருவர் பிள்ளையை மற்றவர் குளிப்பாட்டி வளர்த்தோம், ஆனாலும் ‘நீ’ என்று இறங்கவில்லை. “கலியாண வீட்டிலை சம்பந்திகள் கதைக்கிற மாதிரி இருக்கு” என்று என் மகள் கேலி செய்வாள்.

நீர் தீவுப் பக்கத்து ஆள். மீனில்லாத சோறு உமக்கு மருந்து மாதிரி, கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவீர். ஆனால் வெள்ளி என்றால் வெள்ளிதான். வியாழன் பின்னேரமே மீன் காய்ச்சுகிற மச்சச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்துவிட வேண்டும். குழம்பில் ஒரு துண்டு மிஞ்சியிருந்தாலும் என்னைக் கூப்பிட்டு, “இதை முடியும் கெதியா, விடிஞ்சால் வெள்ளி” என்று தட்டில் தள்ளுவீர். நான் எத்தனை வியாழக்கிழமை வயிறு வெடிக்கச் சாப்பிட்டிருப்பேன்! கேட்டால் ஒரே பதில் வைத்திருந்தீர்: “வெள்ளி கடவுளுக்கு. மிச்சம் ஆறும் மீனுக்கு.” அந்தக் கணக்கில் கடவுளுக்குத்தான் நட்டம் என்று நான் சொன்னதற்கு, அவர் பொறுத்துக்கொள்ளுவார் என்றீர்.

பிறகு நாங்கள் எல்லோரும் கிழக்கே ஸ்காபரோவுக்கு வந்தோம். உம்முடைய அவர் கண்ணை மூடினபிறகு நீரும் மகனும் ஒரு பேஸ்மென்றில் இருந்தீர்கள். வீட்டுக்காரர் வீட்டை விற்றார். வாடகை கேட்ட இடமெல்லாம் கையைச் சுட்டது. மகனுக்குத் தூரத்தில், சோள வயல்களும் ஏரிகளும் உள்ள ஒரு கவுண்டியில், தொழிற்சாலை வேலை கிடைத்தது. இங்கே பேஸ்மென்றுக்குக் கொடுக்கிற காசுக்கு அங்கே முழு வீடு. “வளவும் இருக்காம், கறிவேப்பிலை நடுவன்” என்று புளுகமும் சந்தோசமுமாய்த்தான் போனீர். கனடாக் குளிரில் வளவில் கறிவேப்பிலையாம்! நான் சிரித்தேன். அப்போது வேறொன்றும் யோசிக்கவில்லை. ஊர் என்றால் ஒரு கடையாவது இருக்கும்தானே என்று யார்தான் யோசிக்காமல் விடுவார்கள்?

ஒரு கடை இருந்தது. நீர் போன முதல் பனிக்காலத்தோடு அதையும் மூடினார்கள். முதலாளிக்கு வயது போய்விட்டது, நடத்தக் கட்டுப்படியாகவில்லை, கண்ணாடியில் நன்றி என்று எழுதி ஒட்டிவிட்டுப் போய்விட்டார். அவரை எப்படித் திட்டுவது? அதற்குப் பிறகு ஒரு கத்தரிக்காய் வேண்டுமென்றாலும் காரில் முக்கால் மணித்தியாலம் ஓட வேண்டும். பஸ் கிடையாது. வீட்டில் இருந்த ஒரே கார் மகனோடு வேலைக்குப் போகும், அவன் இரண்டு ஷிஃப்ற் முடித்து வந்தால் கண் திறக்க மாட்டான். அவன் அலுத்து வரும்போது “கடைக்குக் கூட்டிக்கொண்டு போ” என்று கேட்க உமக்கு மனம் வராது. மிச்சம் இருந்தது நடை தூரத்தில், பெற்றோல் அடிக்கிற ஒரு காஸ் ஸ்டேஷன். அங்கே பாண், பால், சிப்ஸ், பெட்டி நூடில்ஸ்.

அந்தக் காஸ் ஸ்டேஷனிலிருந்துதான் ஒருநாள் எனக்குப் போன் எடுத்தீர்.

“இஞ்சை ஒரு புதினம் கேளும். தயிர் எண்டு நினைச்சு ஃபிறிட்ஜுக்குள்ளை இருந்த ஒரு டப்பாவைத் திறந்தன். முழுக்கப் புழு! உயிரோடை நெளியுது.”

“ஐயோ! பழுதாப்போன சாமானோ?”

“இல்லையப்பா. தூண்டிலிலை குத்துற புழுவாம். விலை ஒட்டி வைச்சிருக்கிறாங்கள். பாரும், இந்த ஊரிலை மீனுக்குச் சாப்பாடு ஃப்ரெஷாக் கிடைக்குது. மனிசருக்குத்தான் இல்லை.”

இரண்டு பேரும் மூச்சு வாங்கச் சிரித்தோம். போனை வைத்தபிறகுதான் யோசித்தேன். உமக்குச் சீனி வருத்தம். பாணும் நூடில்ஸுமாய்த் தின்றால் என்ன ஆகும் என்று உமக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டொக்டர் ஒவ்வொரு முறையும் மரக்கறியும் மீனும் சாப்பிடச் சொன்னார். “நல்லாத்தான் சொல்லுறார். எங்கை வாங்கிறதெண்டு மட்டும் அவரும் சொல்லேல்லை” என்றீர்.

எனக்குக் கோபம் எப்படி வந்தது தெரியுமா? நான் இருக்கிற டோர்செட் பார்க்கில், முழங்கால் நோவோடு நடந்தாலும் போய்வரக்கூடிய தூரத்தில், தமிழ்க்கடைகள். முருங்கைக்காய் கட்டுக்கட்டாய்க் கிடக்கிறது. வல்லாரை வாடிப் போகிறது என்று மலிவாய் விற்கிறார்கள். அதே நாட்டில், அதே மாகாணத்தில், என் சிநேகிதி ஒரு பச்சை மிளகாய்க்கு ஏங்குகிறாள்! மகளைப் பிடித்து, போனில் ஓடர் பண்ணினால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்களாமே, அதைச் செய் என்றேன். அவள் உம்முடைய விலாசத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா, தே டோன்ற் டெலிவர் தேர்” என்றாள். அந்த ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டார்களாம். வேறொன்றில் பார் என்றேன். பார்த்தாள். அதிலும் இல்லை. என்னிடம் வாங்கிய ஏச்சுக்கு அவள் என்ன பிழை செய்தாள், பாவம்.

கருவாடு அனுப்பினேன், நினைவிருக்கிறதா? மூன்று பைக்குள் போட்டு, மேலே ஒட்டுகிற ரேப் சுற்றி. வந்து சேர்ந்தது, மணமும் சேர்ந்தே வந்தது. தபால் கந்தோரில் அதை வாங்கிக் காரில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போன உம்முடைய மகனிடம், கூட வேலை செய்கிறவர்கள் காருக்குள் ஏதும் செத்துக் கிடக்கிறதா என்று கேட்டார்களாம். “அன்ரி, கோவிக்காதேங்கோ, இனி அனுப்ப வேண்டாம்” என்றான். உமக்குப் பிரஷரும் இருந்தது. உப்புக் கருவாடு கூடாதென்று டொக்டரும் சொல்லிவிட்டார். அந்த வழியும் அடைபட்டது.

ஒரு கோடையில் மகள் லீவு போட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஐஸ் பெட்டி நிறைய மீன், மரக்கறி. பாரைத் தலையை நீர் உறிஞ்சிய உறிஞ்சலைப் பார்த்து என் மகள் வெளியே எழுந்து போனாள். அழத்தான் போனாள் என்று பிறகு சொன்னாள். உம்முடைய ஃபிறீசரை நிரப்பிவிட்டு வந்தோம். எத்தனை நாளைக்கு வரும்? வருடம் முழுக்க வயிறு இருக்கிறதே. அடுத்த பனிக்காலம் இரண்டு தரம் வெளிக்கிட்டோம், இரண்டு தரமும் ஹைவேயைப் பூட்டிவிட்டார்கள். சமைத்த சாப்பாட்டை நாங்களே இருந்து தின்றோம்.

அதற்குப் பிறகு நாங்கள் கண்டுபிடித்ததுதான் வீடியோக் கடை. சனிக்கிழமை காலையில் நான் மீன்கடைக்குப் போய் உமக்கு வீடியோவில் போன் எடுப்பேன். நீர் கட்டிலில் இருந்தபடி சந்தை பார்ப்பீர்.

“போனை அங்காலை திருப்பும். உது என்ன, விளைமீனோ? செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லும்.”

மீன் வெட்டுகிற தம்பி, தங்கமான பிள்ளை, கையுறையோடு செவுளைத் தூக்கிக் காட்டுவார். “நல்ல சிவப்பு அன்ரி, பாருங்கோ!”

“கண் கலங்கிப்போய்க் கிடக்கு. உதை எடுக்காதையும்” என்பீர் என்னிடம். நீர் சரி என்ற மீனைத்தான் நான் வாங்குவேன். உம்முடைய தெரிவு, என்னுடைய சட்டி. வீட்டுக்கு வந்து சமைத்துச் சாப்பிடும்போது, “உப்புப் புளி சரியோ?” என்று நீர் கேட்க வேண்டும், நான் பதில் சொல்ல வேண்டும். சில சனிக்கிழமைகளில் போனை எடுக்கவே எனக்குக் கை வராது. எடுக்காவிட்டாலும் நீர் எடுப்பீர்.

இடையில் ஒரு நல்லது நடந்தது. அந்த ஊர்ச் சேர்ச்சிலிருந்து ஒரு வான் வீடு வீடாகச் சாப்பாட்டுப் பெட்டி கொண்டுவரத் தொடங்கியது. உம்முடைய பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவரும் அதற்காகவே யன்னலில் காத்திருப்பார். “வெள்ளைக்காரரும் இப்பிடிக் கஷ்டப்படுவினம் எண்டு நான் இவ்வளவு காலமும் நினைக்கேல்லை. கிழவனுக்குச் சூப் ரின்னை விட்டால் வேறை கதியில்லை” என்று எனக்குச் சொன்னீர். வானில் வருகிறவர் மாக்கிரட் என்கிற ஒரு மூதாட்டி. ஆனால் உம்முடைய தெருவுக்கு அந்த வான் வருகிற நாள் வெள்ளிக்கிழமை.

முதல் நாளே மாக்கிரட் தகரத்தில் அடைத்த ஒரு ரின் மீனை எடுத்து நீட்டியிருக்கிறார். நீர் இரண்டு அடி பின்னால் போய், “நோ மீற், நோ ஃபிஷ். ருடே நோ” என்று கும்பிட்டிருக்கிறீர். இன்றைக்கு மட்டும் என்கிற அந்த ‘ருடே’ அவருக்கு விளங்கவில்லை. எப்படி விளங்கும்? ஒரு நாள் மட்டும் சைவமாய் இருக்கிற ஆட்களை அவர் எங்கே கண்டார்? அடுத்த வெள்ளியிலிருந்து உமக்கென்று தனிப் பெட்டி, மேலே பச்சை ஸ்டிக்கர். அவரைக்கொட்டை ரின், பட்டாணி ரின், பீநட் பட்டர். உலகத்திலேயே மீனுக்காக உயிரை விடுகிற ஒருத்திக்குக் கிழமைக்குக் கிழமை சைவப் பெட்டி!

கேட்டபோது நான் முதலில் சிரித்தேன். பிறகு கத்தினேன். “வாய் இருக்குத்தானே! சொல்லுமன் அந்த மனிசிக்கு!”

“எப்பிடிச் சொல்லுறது? அவ வாறது வெள்ளியிலை. வெள்ளிக்கிழமை வாசலிலை நிண்டுகொண்டு மீன் தா எண்டு வாயாலை கேக்கிறதோ?”

“விசர் மனிசி! வாங்கி வைச்சுச் சனிக்கிழமை சாப்பிடும்!”

“கேக்கவே கூடாதெண்டுறன், நீர் சாப்பிடச் சொல்லுறீர். அதோடை பாவம், எனக்கெண்டு எங்கையெங்கையோ தேடிச் சைவமாக் கொண்டு வருது அந்த மனிசி. போன கிழமை பூசணிக்காய் ரின் ஒண்டு. பிழையெண்டு சொன்னால் முகம் வாடிப்போகும்.”

எவ்வளவு சண்டை பிடித்தேன்! நானே மாக்கிரட்டுக்குப் போன் எடுக்கிறேன் என்றதற்கு, எடுத்தால் உம்மோடு கதைக்க மாட்டேன் என்றீர். உம்முடைய பிடிவாதத்தை ஆட்டவும் முடியவில்லை, உம்மை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. என்னுடைய வீடு ஒரு அறை, மகளும் நானும் ஒரு கட்டில். “வாரும், நான் கீழை படுக்கிறன்” என்று கேட்டேன். “மகனைத் தனிய விட்டிட்டோ?” என்றீர்.

இந்த மாசியில் உம்முடைய கால்விரலில் ஒரு புண். ஆறவில்லை. குரல் மெலிந்துகொண்டு போனது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் போன் எடுத்தீர். நான் “கால் எப்பிடி?” என்று தொடங்க, நீர் குறுக்கே விழுந்தீர்.

“காலை விடும். நான் இண்டைக்குச் சொல்லிப்போட்டன்!”

“என்னத்தை?”

“மாக்கிரட்டுக்கு. சற்றடே ஃபிஷ், சன்டே ஃபிஷ், மன்டே ஃபிஷ் எண்டு ஒவ்வொரு நாளாச் சொல்லிக்கொண்டு போய், ஃபிறைடே ஒன்லி நோ எண்டன். மனிசி வாயைப் பிளந்துகொண்டு நிண்டிட்டு, பிறகு சிரிச்ச சிரிப்பு! என்னைக் கட்டிப் பிடிச்சிட்டுது. அடுத்த முறை கட்டாயம் கொண்டு வருவாவாம்.” கொஞ்சம் மூச்சு வாங்கினீர். “வெள்ளிக்கிழமை மீன் எண்டு வாய் திறந்திட்டன். சரி, அவர் பொறுத்துக்கொள்ளுவார்.”

பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளையின் குரல் உமக்கு. எனக்கும் சந்தோசம் தாங்கவில்லை. ரின் மீனுக்கு வெங்காயம் கூடப் போட்டு, கடைசியில் தேசிப்புளி விடும் என்று, உமக்குத் தெரியாதது மாதிரி நான் பாடம் நடத்தினேன். நாங்கள் கடைசியாகக் கதைத்தது அதுதான். இரண்டு நாளில் காய்ச்சல், ஆஸ்பத்திரி. கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். செவ்வாய்க்கிழமை உம்முடைய மகன் போனில் “அன்ரி” என்றான், அதற்குமேல் அவனால் கதைக்க முடியவில்லை.

உம்முடைய கிரியையை ஸ்காபரோவில் செய்தோம். வெள்ளிக்கிழமைதான் இடம் கிடைத்தது. அன்றைக்கே தகனம். எட்டாம் நாள் படையலை, எட்டுச் செலவை மட்டும் நீர் இருந்த வீட்டில் செய்ய வேண்டும் என்று மகன் பிடிவாதமாய் நின்றான். தகனத்திலிருந்து எண்ண, எட்டு அடுத்த வெள்ளியில் விழுந்தது.

அன்றைக்கு ஹைவே திறந்திருந்தது. நல்ல வெயில். ஸ்காபரோவிலிருந்து வரிசையாய்க் கார்கள். ஒவ்வொரு டிக்கியிலும் சாப்பாடு. கத்தரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், கீரை, பலாக்காய்கூட யாரோ கொண்டுவந்திருந்தார்கள். நீர் உயிரோடு இருந்தபோது இந்த ஊர் தூரம் என்று சொன்ன கால்களெல்லாம் அன்றைக்கு எப்படி வந்தன? நானும்தான் வந்தேன். உம்முடைய குசினி மேசையில் வைக்க இடமில்லாமல் நிலத்தில் அடுக்கினோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவரையும் ஏசவும் முடியாது, எல்லோரும் அழுதுகொண்டுதான் நின்றார்கள்.

எட்டுக்குச் செத்தவருக்கு விருப்பமானதைத்தானே படைப்பது? மீன், இறைச்சி, எதுவாய் இருந்தாலும். நான் பாரை பொரித்துக் கொண்டுவந்திருந்தேன். உம்முடைய அவரின் தமையனார் என் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

“பிள்ளை, இண்டைக்கு வெள்ளிக்கிழமை.”

“தெரியும் அண்ணை. அவ மீனுக்கு ஏங்கிப் போனவ அண்ணை.”

“அவவே வெள்ளிக்கிழமை தொடமாட்டாவே, பிள்ளை. எப்பிடிப் படைக்கிறது?” அவருக்கும் கண் கலங்கியிருந்தது. நான் பெட்டியை எடுத்து ஓரமாய் வைத்தேன். உம்முடைய நியாயத்தாலேயே என்னை மடக்கிவிட்டார். இலையில் சோறும் மரக்கறியுமாய் நிறைத்தோம்.

அப்போது வாசலில் வான் வந்து நின்றது. மாக்கிரட்டுக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை. கையில் ஒரு பையோடு சிரித்துக்கொண்டு இறங்கியவர், செருப்புக் குவியலையும் ஆட்களையும் கண்டு தயங்கினார். உள்ளே மாலை போட்ட உம்முடைய படத்தைக் கண்டதும் பை கையிலிருந்து நழுவியது. போன வெள்ளியும் வந்ததாகவும், வீடு பூட்டியிருந்ததாகவும் திரும்பத் திரும்பச் சொன்னார். பைக்குள் ரின் மீன். சேர்ச்சில் இருந்ததில்லை, தன் கைக்காசில் பட்டணத்துக்குப் போய் வாங்கியது. “ஃபோர் ஹெர் சற்றடே” என்றார். சனிக்கிழமைக்கு உமக்கென்று.

நான் ஒரு ரின்னை எடுத்துக்கொண்டு தமையனாரைப் பார்த்தேன். அந்த மனிதர் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பித் தந்தார்.

“உடைக்காமல் வை, பிள்ளை” என்றார். “உடைச்சால்தானே மச்சம். மூடினபடி கிடக்கட்டும். விடியச் சனி, அவ எடுத்துக்கொள்ளுவா.”

இலையின் ஓரத்தில், கீரைக்குப் பக்கத்தில் வைத்தேன். எல்லோரும் வெளியே வந்து, நீர் வந்து சாப்பிடவென்று கதவைச் சாத்தினோம். மாக்கிரட்டும் எங்களோடு நடையில் நின்றார், என்ன நடக்கிறது என்று கேட்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டு. அப்போதுதான் எனக்குத் தலையில் அடித்தது மாதிரி நினைவு வந்தது. அது வளையத்தை இழுத்துத் திறக்கிற ரின் இல்லை, வெட்டித் திறக்கிறது.

“அண்ணை, ரின்வெட்டி வைக்கேல்லை” என்றேன்.

அவர் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார். “சாத்தின கதவை இடையிலை திறக்கக் கூடாது, பிள்ளை” என்று மெல்லச் சொன்னார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் கழிந்து விடியும்போது கண் விழித்தவுடன் உமக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாளைக் காலையும் இதையே சொல்லுவேன்: சனி பிறந்துவிட்டது. ரின்வெட்டி உம்முடைய குசினியில், அடுப்புக்கு இடப்பக்க லாச்சிக்குள் கிடக்கும். எடுத்து வெட்டிச் சாப்பிடும்.